தஸ்தகீர் பாய் புல்லட்டைத் தள்ளிய கதை

திருத்தணியில் அரக்கோணம் சாலையிலிருந்து பிரிந்து ஆற்றங்கரை வரைக்கும் போகிற தெரு எங்களுடையது. தெருவில் பாதி தூரம் போனால் என் டீக்கடை. எதிரே ஒரு தகரக் கொட்டகை. அதுதான் தஸ்தகீர் பாயின் மெக்கானிக் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. பாய் எப்பேர்ப்பட்ட ஆள் என்றால், அவர் பக்கத்தில் புல்லட்டை நிறுத்தினால் அது குழந்தைகள் ஓட்டும் மூன்று சக்கர சைக்கிள் போலத் தெரியும். அவர் தாடிக்குள் ஒரு ஸ்பேனர் விழுந்தால் அதோடு அந்த ஸ்பேனரை மறந்துவிட வேண்டியதுதான். கை இரண்டிலும் கிரீஸ் அப்படி ஊறிப்போயிருக்கும். அவர் ஆதார் அட்டைக்குக் கைரேகை வைக்கப் போனபோது மிஷின் பயந்துபோய் அணைந்துவிட்டது என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். அது முழுப் பொய் இல்லை.

பாயிடம் இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒன்று, வேலை முடிகிற வரைக்கும் வண்டிக்காரருக்குப் போன் பண்ண மாட்டார். நடுவில் நீங்களே போன் பண்ணி "என்னாச்சு பாய்" என்று கேட்டால் "முடிஞ்சா சொல்றேன்" என்று வைத்துவிடுவார். வண்டி முழுசாகச் சரியான பிறகுதான் அவர் போனிலிருந்து அழைப்பு வரும். வந்தால் கண்ணை மூடிக்கொண்டு போய் எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, முறுக்குவது. வேலை முடிந்த வண்டியைக் கடை வாசலில் நிறுத்தி, ஸ்டார்ட் பண்ணி, ஆக்சிலேட்டரைக் கடைசி வரைக்கும் திருகிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்பார். அந்தச் சத்தத்தில் என் கடை பாய்லர் ஆடும், கண்ணாடி டம்ளர்கள் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும். மலைமேல் முருகன் கோயிலில் பூசை மணி அடிக்கும்போது பாய் முறுக்கினால், அய்யர் மணியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பாராம். அரக்கோணத்தில் கேட் மூடுகிறவன் ரயில் வந்துவிட்டது என்று ஓடி வருவானாம். இதையும் நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்த முறுக்கலைக் கேட்டுத்தான் பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, ஆந்திராவில் நகரி வரைக்கும் இருந்து ஜனங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அந்தச் சத்தம்தான் அவருக்குப் போர்டு, விளம்பரம், பரம்பரைச் சொத்து எல்லாம்.

அந்த மனிதரை ஒரு பூனைக்குட்டி என்ன பாடு படுத்தியது என்பதுதான் கதை.

போன வருஷம் ஐப்பசி மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, பள்ளிப்பட்டிலிருந்து காய்கறி ஏற்றி வந்த வேன் ஒன்று என் கடை முன்னால் நின்றது. டிரைவர் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது வேனுக்குள்ளிருந்து ஒரு குரல். குழந்தை அழுவது மாதிரி, ஆனால் குழந்தை இல்லை. பானெட்டைத் தூக்கிப் பார்த்தால், எஞ்சினுக்குள் பெல்ட்டும் சக்கரமும் சேருகிற இடத்தில், சாம்பல் நிறத்தில் வரிவரியாக ஒரு கைப்பிடி பூனைக்குட்டி. குளிருக்கு வண்டி எஞ்சின் சூட்டில் ஏறிப் படுத்திருக்கிறது. வண்டி கிளம்பியதும் பின்னங்கால் பெல்ட்டில் சிக்கிக்கொண்டது.

டிரைவருக்கு மார்க்கெட் அவசரம். ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணினால் தானாக விழுந்துவிடும் என்றான். பாய் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து, ஒரு வார்த்தை பேசாமல் சாவியை உருவித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பாயின் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுக்கிற தைரியம் அந்த டிரைவருக்கு மட்டுமில்லை, யாருக்கும் கிடையாது.

அவர் டூவீலர் மெக்கானிக். வேன் அவர் வேலை இல்லை. இருந்தாலும் தலையை உள்ளே விட்டு ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினார். கழற்றிக்கொண்டே அந்தக் குட்டியோடு பேசினார். இருபது வருஷமாக எதிரெதிரே கடை வைத்திருக்கிறோம், அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

"இரு கண்ணு, இதோ ஆச்சு. அவ்ளோதான். உன்ன நம்ம வூட்டுக்கு இட்டுகினு போறேன். கத்தாத. நம்ம வூட்டுக்குத்தான் போறோம்."

குட்டியை வெளியே எடுத்து, ஒரு ஹெல்மெட்டுக்குள் பழந்துணி போட்டு வைத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினார். டாக்டர் பார்த்துவிட்டு, காலைக் காப்பாற்ற முடியாது, பெரிய இடத்தில் ஆபரேஷன் பண்ண வேண்டும் என்று சொல்லி யாருக்கோ போன் போட்டார். அரக்கோணத்திலிருந்து சுஜாதா என்ற பெண் வந்தார். வங்கியில் வேலை. பூனைகளைக் காப்பாற்றுகிற ஒரு குழுவில் இருக்கிறார். குழுவின் பெயர் நாலுகால் நண்பர்கள். அவர்களுக்கென்று தனிக் கட்டடம், கூண்டு எதுவும் கிடையாது. குழுவில் இருக்கிறவர்கள் ஆளுக்கு ஒன்றோ இரண்டோ தங்கள் வீட்டிலேயே வைத்து வைத்தியம் பார்த்து வளர்ப்பார்கள். பிறகு நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்பார்கள்.

சுஜாதா குட்டியைச் சென்னைக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் பண்ணி, தன் வீட்டில் வைத்துக்கொண்டார். மூன்று காலோடு அது பிழைத்தது. நாலுகால் நண்பர்களிடம் மூன்றுகால் பூனை என்று நான் கிண்டல் பண்ணியபோது பாய் என்னைப் பார்த்த பார்வையில் டீ ஆறிப்போனது.

"ஊரையே செமக்குற ஆட்டோவுக்கு எத்தினி சக்கரம் எல்லப்பா? மூணுதான?" என்றார்.

அதற்கு நட்டு என்று பெயரும் வைத்துவிட்டார். சுஜாதா வீட்டில் அதற்கு ஜெஸ்ஸி என்று பெயர். பாய்க்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை, மனசிலும் நுழையவில்லை. சுஜாதா அனுப்புகிற வீடியோவையெல்லாம் கடைக்கு வருகிற எல்லோருக்கும் காட்டுவார். பிரேக் ஒயர் மாற்ற வந்தவன் பூனை சாப்பிடுவதை, பஞ்சர் ஒட்ட வந்தவன் பூனை தூங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் போக முடியும். பெண்ணைப் பெற்றவன் கல்யாண ஆல்பம் காட்டுவதுகூட இவ்வளவு கொடுமையாக இருக்காது. உண்மையில் அவர் பெண் சுபியா அப்போதுதான் கல்யாணமாகி ஆம்பூருக்குப் போயிருந்தாள். அந்த ஆல்பத்தை எங்களுக்கு ஒரே ஒரு தடவைதான் காட்டினார்.

குளிர்காலம் முடிந்ததும், பூனை தேறிவிட்டது, வீடு தேடுகிறோம் என்று குழு அறிவித்தது. பாய் அன்றைக்கே கேட்டார். கேட்டவுடன் ஹெல்மெட்டில் வைத்துக் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தோம். அப்படியில்லை. போனில் கேள்வி மேல் கேள்வி. வீட்டில் யார் யார், ஜன்னலுக்கு வலை உண்டா, ரோட்டுக்குப் போக வழி இருக்கிறதா, ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள். பாய் வாழ்க்கையில் எந்த வேலைக்கும் நேர்காணலுக்குப் போனதில்லை. முதல் நேர்காணல் பூனைக்காக. வியர்த்துக் கொட்டிக்கொண்டு எழுந்து நின்று பதில் சொன்னார்.

பூனை வெளியே போகக் கூடாது என்றார்கள். உடனே கிடந்த பழைய சைக்கிள் கம்பிகளையெல்லாம் வெல்டிங் வைத்து வீட்டு ஜன்னல் எல்லாவற்றுக்கும் வலை அடித்தார். கொசுவுக்கும் உள்ளே வர அனுமதிச் சீட்டு வேண்டும், அப்படி ஒரு வலை. பால் கொடுக்கக் கூடாது, வயிற்றுக்கு ஆகாது என்றார்கள். அவர் மனைவி அஸ்கரி பேகம் அதைக் கேட்டு ஒரு நாள் முழுக்க நம்பவில்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டார்.

அப்புறம் வீட்டைப் பார்க்க வருகிறோம் என்றார்கள். பூனையையும் கொண்டுவருவார்களாம். அது வீட்டில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பார்களாம்.

இங்கேதான் எங்கள் தெரு மொத்தமும் ஒரு தப்பு பண்ணியது. வீடு பார்க்க வருகிறார்கள் என்றதும் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். பெண் பார்க்க வருவது. அஸ்கரி பேகம் வீட்டைக் கழுவிய கழுவலில் தரை ஒரு அங்குலம் இறங்கியது. சேமியா பாயசம் வைத்தார். பூ விற்கும் ரத்தினம்மாள் வாசல் நிலைக்கு முழ முழமாகக் கதம்பம் கட்டினாள். நான் கடை பெஞ்சைக் கழுவி அங்கே கொண்டுபோய்ப் போட்டேன். யாராவது கேட்டால் பாய் தங்கமான மனுஷன் என்று சொல்ல வேண்டும் என்று தெருவில் எல்லோரும் பேசி வைத்துக்கொண்டோம். பாய் கடையைச் சாத்திவிட்டு, மண்ணெண்ணெய், சோப்புத்தூள், எலுமிச்சம்பழம் எல்லாம் போட்டுக் கையைத் தேய்த்து, ரம்ஜானுக்கு எடுத்த வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் பூசிக்கொண்டு நின்றார். எனக்கே அடையாளம் தெரியவில்லை. என்ன வேணும் சார் என்று கேட்டுவிட்டேன்.

சுஜாதா ஸ்கூட்டரில், முன்னால் பூனைக்கூடையை வைத்துக்கொண்டு, வழியெல்லாம் நடக்கிற வேகத்திலேயே ஓட்டி வந்தார். அரக்கோணத்திலிருந்து அந்த வேகத்தில் வர அவர் முந்தின நாளே கிளம்பியிருக்க வேண்டும்.

உள்ளே போய்க் கூடையைத் திறந்தார்கள். நாங்கள் நாலைந்து பேர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தோம். நட்டு மெதுவாக வெளியே வந்தது. மூன்று காலில் ஒரு மாதிரி தத்தி நடந்து, சுவரோரமாக ஒரு சுற்றுப் போய், கடைசியில் பாய் நீட்டிய கையை முகர்ந்து பார்த்தது. பிறகு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது. அவ்வளவுதான். அந்தக் கையில் அன்றைக்கு எலுமிச்சம்பழ வாசனைதான் இருந்தது. பாயின் முகம் சுருங்கிப்போனது. ஆனால் வெளியே காட்டிக்கொள்ளாமல் எழுந்து வாசலுக்கு வந்தார்.

உள்ளே எல்லாம் நன்றாகவே போனது. அஸ்கரி பேகம் பாயசம் கொடுத்தார். சுஜாதா ஜன்னல் வலையைத் தட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு, இந்த மாதிரி வலையைப் பார்த்ததே இல்லை என்றார். பூனை கட்டிலடியில் படுத்துக்கொண்டு வாலை ஆட்டியது.

வாசலில் பாய் சுஜாதாவின் ஸ்கூட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். அது வரும்போதே ஒரு கடகட சத்தத்தோடு வந்ததை நானே கேட்டேன். அவருக்குக் கேட்காமல் இருக்குமா. வீட்டுக்கு வந்த விருந்தாளியின் வண்டியை அப்படியே திருப்பி அனுப்புவது அவருக்கு அவமானம். வெள்ளைச் சட்டைக் கையை மடித்தார். கடையைத் திறந்தார். பாயசம் தீர்வதற்குள் எதையோ இறுக்கி, எதையோ தளர்த்தி, பிளக்கைத் துடைத்து முடித்துவிட்டார். முடித்ததும் இருபது வருஷமாகச் செய்வதைச் செய்தார். வாசலில் நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு, கடைசி வரைக்கும் முறுக்கினார்.

உள்ளே அஸ்கரி பேகத்தின் குரல் கேட்டது. அப்புறம் பாத்திரங்கள் விழுகிற சத்தம். பூனை திரைச்சீலை வழியாகப் பரணுக்கு ஏறி, அங்கே அடுக்கியிருந்த குண்டான்களையெல்லாம் தள்ளிவிட்டு, சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் இருக்கிற சந்தில் போய்ச் செருகிக்கொண்டது. வெளியே இழுக்கப் போன சுஜாதாவின் கையெல்லாம் கீறல். பிறகு யாரையும் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டு, அவர் ஏணி மேலேயே உட்கார்ந்துகொண்டு சின்னக் குரலில் அதோடு பேசிக்கொண்டே இருந்தார். அது கூடைக்குள் வருவதற்குள் மத்தியானச் சாப்பாட்டு நேரமே தாண்டிவிட்டது. அதன் உடம்பு நடுங்கியது கூடைக்கு வெளியே தெரிந்தது.

சுஜாதாவுக்குக் கோபமில்லை. அதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் நாங்களும் நாலு வார்த்தை பேசியிருப்போம்.

"மோட்டார் சத்தம் கேட்டா, தான் இன்னும் அந்த வேனுக்குள்ளதான் இருக்கோம்னு நெனச்சுக்குது பாய். எங்க வீட்லயும் யாராச்சும் பைக் ஸ்டார்ட் பண்ணா இப்படித்தான்," என்றார். "உங்க மேல ஒரு குறையும் இல்ல. உங்கள மாதிரி யாரும் கேட்டதில்ல. ஆனா இது மெக்கானிக் வீடு. இங்க எப்படி இது இருக்கும், நீங்களே சொல்லுங்க."

பாய் ஸ்கூட்டரைத் தானே தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்க் கொடுத்தார். அங்கே ஸ்டார்ட் பண்ணியபோது அது தையல் மிஷின் மாதிரி மெதுவாக ஓடியது. அதைக் கேட்டுச் சந்தோஷப்படுகிற நிலைமையில் யாரும் இல்லை.

சாயங்காலம் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். கிரீஸ் டப்பாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வூட்டுக்கு இட்டுகினு போறேன்னு அதுக்கிட்ட சொன்னேன் எல்லப்பா," என்றார். "வண்டிக்காரன் எவன்கிட்டயாவது சொல்லி நான் செய்யாம இருந்துருக்கேனா?"

இல்லை. அதற்கு ஊரே சாட்சி.

மறுநாள் பள்ளிப்பட்டு சடகோபன் வந்தார். நிலம் நீச்சு உள்ளவர். தன் புல்லட்டைப் பெற்ற பிள்ளைபோலப் பார்ப்பார். பிள்ளையை அப்படிப் பார்ப்பாரா தெரியாது. வண்டி தயார் என்று பாயிடமிருந்து போன் போயிருந்தது. முறுக்கலைக் கேட்பதற்காகவே ஒரு டீ வாங்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். பாய் புல்லட்டை ஸ்டாண்டிலிருந்து எடுத்தார். ஸ்டார்ட் பண்ணவில்லை. ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு தெருவில் நடக்க ஆரம்பித்தார். சடகோபன் டம்ளரோடு பின்னாலேயே ஓடினார்.

"இன்னா பாய், ஸ்டார்ட் ஆவலியா?"

"ஆவும்ணே."

"அப்பறம் இன்னாத்துக்குத் தள்ளிகினு போற?"

"ஆத்தாங்கரையில போய் ஸ்டார்ட் பண்ணுவேன்."

புல்லட் எவ்வளவு கனம் என்று தள்ளிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். எங்கள் தெரு ஆற்றங்கரைப் பக்கம் கொஞ்சம் ஏற்றம் வேறு. பாய் போகிறார், பின்னால் சடகோபன் போகிறார், அவர் கையில் என் டம்ளர் போகிறது. கொஞ்ச நேரம் கழித்து வெகு தூரத்தில் அந்த முறுக்கல் கேட்டது. பாய்லர் ஆடவில்லை. முதல் தடவையாக அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஒரு சொட்டு சிந்தாமல் டீ ஆற்றினேன்.

அன்றிலிருந்து எந்த வண்டியும் கடை வாசலில் ஸ்டார்ட் ஆகவில்லை. ஸ்கூட்டராக இருந்தாலும் தள்ளல்தான், புல்லட்டாக இருந்தாலும் தள்ளல்தான். சித்திரை வெயில். திருத்தணி மலைப்பாறை எல்லாம் தோசைக்கல் மாதிரி காய்கிறது. பாய் தள்ளிக்கொண்டே இருந்தார். நாங்கள் சும்மா இருப்போமா. பெட்ரோல் விலை ஏறிவிட்டதா என்று கேட்டேன். நேர்த்திக்கடனா, காவடிக்குப் பதிலாக யமஹாவா என்று ரத்தினம்மாள் கேட்டாள். பஸ் நிலையத்துப் பக்கம் வேறு கடை வைத்திருக்கிறவன், தஸ்தகீர் கை போய்விட்டது, வண்டி ஸ்டார்ட் ஆகாமல் தள்ளிக்கொண்டு அலைகிறான் என்று கிளப்பிவிட்டான். நகரிப் பக்கத்து ஆட்கள் சிலர் அங்கே போய்விட்டார்கள்.  கடைசியில் சடகோபன்தான் விடாமல் நச்சரித்து பாயின் வாயைத் திறக்க வைத்தார்.

"ஒருத்தி வரப்போறா அண்ணே. மூணு காலு. அவளுக்கு மோட்டார் சத்தம் ஆவாது."

"அந்தப் பூனையா? அதான் குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்களாமே."

"வந்தப்பறம் தெருவப் பழக்குனா லேட்டு. மொதல்ல தெரு பழகட்டும்."

சடகோபன் என் பக்கம் திரும்பி, "நைனா, இவன் மனுஷனா இன்னாது?" என்றார். அதற்குப் பிறகு தன் புல்லட்டைத் தெருமுனையிலேயே அணைத்துவிட்டு, கடை வரைக்கும் தானே தள்ளிக்கொண்டு வந்தார். பள்ளிப்பட்டில் கழனிக்குக்கூட இறங்காத மனிதர். அவர் தள்ளுவதைப் பார்த்து மற்றவர்களும் தள்ள ஆரம்பித்தார்கள். தெருமுனையில் வண்டியை அணைப்பது ஒரு வழக்கமாகிவிட்டது. சர்ச்சுக்கு முன்னால் செருப்பைக் கழற்றுகிற மாதிரி, கோயிலுக்கு முன்னால் கழற்றுகிற மாதிரி, தர்காவுக்கு முன்னால் கழற்றுகிற மாதிரி. எங்கள் தெருவில் காக்கா இருக்கிறது என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரைக்கும் அது கத்தியிருக்கும் பாவம், யார் கேட்டோம்.

இப்படியே கோடை முடிந்து காற்றடிக்கிற காலம் வந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை சுஜாதா பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக என் கடைக்கு வந்தார். கூடை இல்லை, ஸ்கூட்டரும் இல்லை. ஸ்கூட்டருக்கு ஒரு சின்ன வேலை, பாயைக் கேட்டுவிட்டுப் பிறகு கொண்டுவரலாம் என்று வந்திருக்கிறார். டீ சொல்லிவிட்டு எதிரே பார்த்தார். பாய் ஒரு பழைய புல்லட்டைத் தள்ளிக்கொண்டு ஆற்றங்கரைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவருக்குப் பின்னால் வண்டிக்காரன், அவனுக்குப் பின்னால் இன்னொரு வண்டியைத் தள்ளிக்கொண்டு சடகோபன். மூன்று பேரும் சாமி ஊர்வலம் போகிற மாதிரி போனார்கள்.

"வண்டி ரிப்பேரா?" என்றார் சுஜாதா.

ரிப்பேர் முடிந்துவிட்டது, ஸ்டார்ட் பண்ணப் போகிறார் என்றேன். ஏன் அங்கே என்றார். சொன்னேன். எனக்குச் சொல்லத் தெரிந்த அளவுக்கு ஏற்றியே சொல்லியிருப்பேன், ஆனால் இந்த விஷயத்தில் ஏற்றுவதற்கு இடமே இல்லை. கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது.

"எப்பலேர்ந்து?"

"நீங்க பூனைய எடுத்துகினு போனீங்களே, அதுக்கு மறுநாள்லேர்ந்து."

"என்கிட்ட ஒரு வார்த்தகூடச் சொல்லலியே. வாரா வாரம் வீடியோ அனுப்புறேன், பாத்துட்டு நல்லாருக்குன்னு மட்டும் சொல்றாரு."

"அவரு சொல்ல மாட்டாரும்மா. வேல முடிஞ்சாத்தான் வண்டிக்காரனுக்குப் போன் பண்ணுவாரு. நடுவுல பண்ண மாட்டாரு."

சுஜாதா டீயைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். தூரத்தில் முறுக்கல் கேட்டது. கேட்டதா என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு தேனீ எங்கேயோ பறக்கிற மாதிரி. அது அடங்கி, பாய் திரும்பி வருகிற வரைக்கும் அவர் அசையவில்லை. பாய் அவரைப் பார்த்ததும் பதறிப்போய் அழுக்குக் கையைப் பின்னால் மறைத்தார்.

"எப்ப பாய் முடியும்?" என்றார் சுஜாதா.

எந்த வண்டி என்று பாய் கேட்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது.

"இன்னும் ரெண்டு பேரு தெருவுக்குள்ள ஓட்டிகினு வர்றானுங்க மேடம். எவ்ளோ சொன்னாலும் கேக்க மாட்றானுங்க. அவனுங்களயும் நிறுத்திட்டு உங்களுக்குப் போன் பண்ணலாம்னு இருந்தேன்."

"போன் பண்ண வேணாம்," என்றார் சுஜாதா. "நாளைக்கே நான் எடுத்துகிட்டு வர்றேன். பாயசம் வைக்க வேணாம். யாரும் ஒண்ணும் பண்ண வேணாம். நீங்க கடையில இப்பிடியே இருங்க."

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயிலில் வந்து, ஸ்டேஷனிலிருந்து கூடையோடு நடந்தே வந்தார். இந்தத் தடவை கதம்பம் இல்லை, அத்தர் இல்லை. அஸ்கரி பேகம் பாதி நறுக்கிய வெங்காயத்தோடு எழுந்து வந்தார். பாய் ஒரு செயினைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தார். கூடையைத் திறந்ததும் நட்டு வந்தது. இவர் கையை நீட்டவில்லை. கிரீஸ் கை, வேண்டாம் என்று மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அதுவே வந்து முகர்ந்தது. விரல் விரலாக முகர்ந்தது. பிறகு அந்தக் கறுத்த உள்ளங்கையில் தன் கன்னத்தை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தது. அதன் வெள்ளை மீசை கறுப்பாகிவிட்டது. அந்தக் கைதான் அன்றைக்கு வேனுக்குள் வந்த கை என்று அதற்குத் தெரிந்துவிட்டது. அப்படித்தான் நான் சொல்வேன், யார் வந்து மறுத்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அஸ்கரி பேகம் முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, வெங்காயம் என்றார்.

கொஞ்ச நாள் வைத்துப் பார்த்துத்தான் முழுசாகக் கொடுப்பது அவர்கள் வழக்கம். அந்த நாளெல்லாம் தெருவே மூச்சுவிடாமல் நடந்தது. அந்த இரண்டு முரட்டுப் பையன்களில் ஒருவன் சத்தத்தோடு வந்தபோது ரத்தினம்மாள் பூக்கூடையைக் குறுக்கே வைத்து நிறுத்தினாள். இன்னொருவனை சடகோபன் பார்த்துக்கொண்டார். என்ன பண்ணினார் என்று தெரியாது, அவன் இப்போது எங்கள் தெருவில் செருப்பைக்கூடக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறான். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியும் மேளமுமாக ஊர் அதிர்ந்தபோது அஸ்கரி பேகம் நட்டைப் பின்னறையில் வைத்துக் கதவைச் சாத்தி, கூடவே உட்கார்ந்திருந்தார். மேளத்துக்கு அது காதைக்கூட ஆட்டவில்லையாம். மோட்டார்தான் அதற்குப் பகை. மேளத்தோடு ஒன்றும் சண்டை இல்லை.

சுஜாதா போனில், ஜெஸ்ஸி இனிமேல் உங்க பொண்ணு பாய் என்றார். நட்டு என்று பாய் திருத்தினார்.

இப்போது கடைக்கு மேலே ஒரு போர்டு தொங்குகிறது. ‘இங்கு வண்டி முறுக்கக் கூடாது.’ ஒரு மெக்கானிக் கடையில் இப்படி ஒரு போர்டு இந்தப் பக்கம் சென்னை, அந்தப் பக்கம் திருப்பதி வரைக்கும் கிடையாது. உலகத்திலேயே கிடையாது என்றும் சொல்வேன். போன மாதம் புது இன்ஸ்பெக்டர் ஒருவர் தெரியாமல் கடை வாசல் வரைக்கும் ஓட்டி வந்துவிட்டார். காக்கிச் சட்டையைப் பார்த்து நாங்களெல்லாம் பெஞ்சுக்கு அடியில் ஒளிந்துகொண்டோம். பாய் போய் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, "சார், உள்ள பொண்ணு படுத்துகினு கீது," என்றார். இன்ஸ்பெக்டர் மன்னிப்புக் கேட்டார். போகும்போது அவரும் தள்ளிக்கொண்டுதான் போனார். நகரிக்காரர்கள் எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள். முறுக்கலை ஆற்றங்கரையில் நின்று கேட்பதற்கு ஒரு தனிக்கூட்டமே இருக்கிறது. எனக்கும் அங்கே டீ வியாபாரம் நடக்கிறது.

இதெல்லாம் கூடப் பெரிசில்லை. நேற்றுச் சாயங்காலம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். டீ கொடுக்கப் போனபோது நட்டு கட்டிலில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. ஆற்றங்கரையிலிருந்து பாய் முறுக்குகிற சத்தம் மெலிசாகக் கேட்டது. நான் பரணைத்தான் பார்த்தேன். பூனை ஒரு காதைத் தூக்கியது. எழுந்தது. பரணைப் பார்க்கவில்லை. மூன்று காலில் தத்தி ஜன்னலுக்குத் தாவி, சைக்கிள் கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, தெருக்கோடியைப் பார்த்தது.

"தெனமும் இப்பிடித்தான்," என்றார் அஸ்கரி பேகம். "அந்தச் சத்தம் கேட்டா அவரு திரும்பி வர்றாருன்னு அர்த்தம் இதுக்கு."

தெருக்கோடியில் பாய் தெரிந்தார். அணைத்த வண்டியைத் தள்ளிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார்.